கிச்சன் கிரானைட் மேடைக்கு 'சீலர்' அடிக்கணுமா? காசு கொடுக்கும் முன் இந்த 15 நிமிட சோதனையைச் செய்து பாருங்க!

தி.நகரிலோ அடையாறிலோ ஒரு பழைய ஃபிளாட்டில் கிச்சன் வேலை முடியும் நாள். புது கிரானைட் மேடை கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. கிளம்பும் நேரத்தில் வேலை எடுத்தவர் ஒரு கேள்வி கேட்பார்: "மேடம், சீலர் அடிச்சு விட்டுடலாமா? போட்டா கறையே படாது."

பலரும் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். சிலர், கல்லுக்கு எதுக்கு பெயிண்ட் மாதிரி ஒண்ணு என்று மறுத்துவிடுகிறார்கள். இரண்டு பதிலுமே தப்பாகப் போகலாம். தேவையில்லாத கல்லில் சீலர் அடித்தால் காசு வீண், மேடையும் மங்கலாகும். தேவைப்படும் கல்லில் அடிக்காமல் விட்டால், முதல் மாதமே மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் உள்ளே இறங்கிவிடும். மார்பிளில் சீலரை மட்டும் நம்பி எலுமிச்சம்பழம் நறுக்கினால் பாலிஷே போய்விடும்.

அப்போ யாருக்கு சீலர் தேவை, யாருக்குத் தேவையில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

சீலர் என்பது என்ன?

பாலிஷ் போட்ட கல் வழுவழுப்பாக இருந்தாலும், அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உண்டு. தண்ணீர், எண்ணெய், மஞ்சள் கலந்த குழம்பு எல்லாம் அந்தத் துளைகள் வழியாகத்தான் உள்ளே போகின்றன. அந்த வழியை அடைப்பது அல்லது உள்ளே போகும் வேகத்தைக் குறைப்பதுதான் சீலரின் வேலை.

கடையில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு வகை.

ஒன்று, கல்லுக்குள் ஊறிப்போகும் சீலர். சிலேன், சிலாக்ஸேன், ஃப்ளூரோபாலிமர் போன்ற ரசாயனங்கள் இதில் இருக்கும். துளைகளின் உட்சுவரில் படிந்து தண்ணீரையும், சில வகைகள் எண்ணெயையும் தள்ளிவிடும். கல்லின் தோற்றம் பெரிதாக மாறாது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறவும் வழி இருக்கும்.

இரண்டாவது, மேலே படலமாகப் படியும் சீலர். அக்ரிலிக், பாலியூரித்தேன் வகைகள் இதில் வரும். வார்னிஷ் மாதிரி ஒரு தோல் உண்டாகும். உடனே பளபளப்பு தெரியும். ஆனால் கீறல் விழுவது, சூடான குக்கர் வைத்த இடத்தில் தடம் பதிவது, நாளடைவில் உரிவது எல்லாம் இந்தத் தோலில்தான் நடக்கும்.

ஏற்கெனவே பாலிஷ் போட்ட சமையல் மேடைக்கு இரண்டாவது வகை பொருந்தாது. "சீலர் போட்டா இன்னும் பளபளன்னு ஆகும்" என்று யாராவது சொன்னால், அது எந்த வகை என்று டப்பாவை வாங்கிப் பார்ப்பது நல்லது. கல்லின் பளபளப்பு பாலிஷில் இருந்து வருவது. ஊறும் வகை சீலர் அதைக் கூட்டவும் கூட்டாது, குறைக்கவும் குறைக்காது.

கல்லுக்குள் ஈரம் எப்படி?

மயிலாப்பூர் பக்கம் எந்தக் கோயிலுக்குப் போனாலும், விளக்கேற்றும் இடத்தில் கருங்கல் எண்ணெய் குடித்துக் கறுத்திருப்பதைப் பார்க்கலாம். கருங்கல்லும் குடிக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. அது பாலிஷ் இல்லாத, உளி பட்ட கல். அதனால் அதிகம் குடிக்கிறது. பாலிஷ் போட்டால் குடிப்பது குறையும், ஆனால் முழுசாக நிற்காது.

எவ்வளவு குடிக்கும் என்பதற்கு அளவுகோல் உண்டு. சர்வதேச அளவில் பயன்படும் ஏஎஸ்டிஎம் தர விதிகளின்படி, கட்டடத்துக்குப் பயன்படும் கிரானைட் தன் எடையில் 0.40 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. அதாவது ஒரு கிலோ கல்லுக்கு 4 கிராம். மார்பிளுக்கு இந்த வரம்பு 0.20 சதவீதம். சுண்ணாம்புக் கல்லில் அடர்த்தியான வகைக்கு 3 சதவீதம், அடர்த்தி குறைந்த வகைக்கு 12 சதவீதம் வரை அனுமதி உண்டு.

இதில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. கிரானைட்டைவிட மார்பிளுக்குத்தான் வரம்பு கடுமை. அப்படியானால் வீட்டில் மார்பிள் ஏன் சீக்கிரம் கெட்டுப்போகிறது? காரணம் குடிப்பது இல்லை, அரிப்பு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

'கிரானைட்' என்று சொல்வதெல்லாம் கிரானைட்டா?

இல்லை. கடையில் கெட்டியான, பாலிஷ் ஏறும் கல் எல்லாமே கிரானைட்தான். ஆனால் 'கறுப்பு கிரானைட்' என்று விற்கப்படும் கற்கள் பல, புவியியல் கணக்கில் கேப்ரோ, டோலரைட் என்ற வேறு ரகங்கள்.

சென்னைக்கே சொந்தமான உதாரணம் ஒன்று உண்டு. பல்லாவரம், பரங்கிமலை பகுதியில் கிடைக்கும் கெட்டியான கருங்கல்லுக்கு 'சார்னோக்கைட்' என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், மெட்ராஸ் பகுதியில் இருந்து போன இந்தக் கல்தான். 1893-ல் அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். பரங்கிமலை சார்னோக்கைட் இன்று தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களில் ஒன்று.

விஷயம் இதுதான்: பெயரை வைத்து முடிவு எடுக்க முடியாது. கல்லைச் சோதித்துத்தான் முடிவு எடுக்கணும்.

எந்தக் கல்லுக்கு என்ன தேவை?

*கறுப்பு, கரும்பச்சை கிரானைட்:* அடர்த்தி அதிகம், குடிப்பது மிகக் குறைவு. பெரும்பாலும் சீலர் தேவைப்படாது. அடித்தாலும் உள்ளே போக இடம் இல்லாமல் மேலேயே நின்று, காய்ந்தபின் புகை படிந்த மாதிரி மங்கலாகத் தெரியும்.

*வெள்ளை, வெளிர் நிற கிரானைட்:* இங்கேதான் கவனம் வேண்டும். உதாரணம் 'காஷ்மீர் வொயிட்'. பெயரில்தான் காஷ்மீர், வெட்டி எடுப்பது நம்ம மதுரை வட்டாரத்தில். வெள்ளையில் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள் இருக்கும். அழகான கல், ஆனால் நன்றாகக் குடிக்கும் ரகம் என்று பெயர் வாங்கியது. சிங்க் ஓரத்தில் ஈரத் தடம், அடுப்பு ஓரத்தில் எண்ணெய்த் தடம் எளிதில் தெரியும். சீலர் பெரும்பாலும் தேவைப்படும்.

*மார்பிள்:* பூஜை அறை, ஹால் தரை, வாஷ் பேசின் மேடை. எண்ணெய், குங்குமம், மஞ்சள் கறையைத் தள்ளிப்போட சீலர் உதவும். அரிப்பைத் தடுக்காது.

*கடப்பா, கோட்டா:* இரண்டும் சுண்ணாம்புக் கல் வகை. பழைய மயிலாப்பூர் வீடுகளில் அலமாரித் தட்டு, சமையல் மேடை எல்லாம் கடப்பாதான். கோட்டாவை ஃபிளாட் மாடிப்படிகளில் பார்க்கலாம். சோதனை செய்து, குடித்தால் சீலர் போடலாம். அமிலம் பட்டால் இவையும் அரிக்கும்.

*மொசைக் தரை:* முழுக்க இயற்கைக் கல் இல்லை, சிமென்ட்டில் பதித்த கல் துண்டுகள். மறுபடி பாலிஷ் போடும்போது சிமென்ட் பகுதி நன்றாகக் குடிக்கும். அதனால் பாலிஷ் முடிந்து நன்றாக உலர்ந்த பிறகு ஊறும் வகை சீலர் போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

*குவார்ட்ஸ் மேடை:* கல் தூளையும் ரெசினையும் சேர்த்து தொழிற்சாலையில் செய்வது. சீலர் தேவையே இல்லை.

15 நிமிட தண்ணீர் சோதனை: எப்படிச் செய்வது?

மேடை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். முந்தின நாள் இரவு துடைத்துவிட்டு, காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் செய்வது வசதி.

1. சிங்க் ஓரம், அடுப்பு ஓரம், நடுமேடை, மூலை என நான்கு இடங்களில் ஒரு ஸ்பூன் தண்ணீரைச் சின்னக் குளம் மாதிரி விடுங்கள்.

2. கடிகாரத்தைப் பாருங்கள். 15 நிமிடம் அப்படியே இருக்கட்டும்.

3. துணியால் ஒற்றி எடுங்கள். அந்த இடம் சுற்றியிருக்கும் கல்லைவிடக் கறுத்திருக்கிறதா?

ஓரிரு நிமிடத்திலேயே கறுத்தால், கல் வேகமாகக் குடிக்கிறது, சீலர் தேவை. 15 நிமிடம் கழித்து லேசாகக் கறுத்தால், போட்டால் நல்லது. நிறமே மாறவில்லை என்றால் சீலர் வேண்டாம். அவ்வளவுதான். கறுத்த இடம் தண்ணீர் ஆவியானதும் பழைய நிறத்துக்கு வந்துவிடும், பயப்பட வேண்டாம்.

கறுப்புக் கல்லில் கறுப்பது கண்ணுக்குத் தெரியாதே என்று கேட்கலாம். பக்கவாட்டில் இருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஈரத் தடம் தெரியும்.

இன்னொரு டிப்ஸ்: சிங்க் வைக்க மேடையை வெட்டும்போது ஒரு பெரிய துண்டு மிஞ்சும். அதைக் குப்பையில் போட விடாதீர்கள். எண்ணெய், மஞ்சள், எலுமிச்சை, சீலர் என எல்லாச் சோதனையையும் அந்தத் துண்டில் செய்யலாம், மேடைக்கு ஆபத்து இல்லை. அந்தத் துண்டில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு 15 நிமிடம் கழித்துத் துடைத்தால், எண்ணெய்க் கறை எந்த அளவுக்கு இறங்கும் என்பதும் தெரிந்துவிடும்.

கறை வேறு, அரிப்பு வேறு: எலுமிச்சை சோதனை

பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

கறை என்பது நிறம் உள்ளே இறங்குவது. இடம் கறுத்தோ மஞ்சளாகவோ தெரியும். அரிப்பு என்பது கல்லே கரைவது. இடம் வெளுத்து, பளபளப்புப் போய், தண்ணீர் டம்ளர் வைத்த தடம் மாதிரி மங்கலாகத் தெரியும்.

மார்பிள், கடப்பா, கோட்டா எல்லாவற்றிலும் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. எலுமிச்சை, புளி, தக்காளி, தயிர், வினிகர், பாத்ரூம் கழுவும் ஆசிட் என எந்த அமிலம் பட்டாலும் அது கரையும். சீலர் துளைக்குள் உட்கார்ந்திருக்கும், மேற்பரப்பு திறந்துதான் கிடக்கும். அதனால் எவ்வளவு விலை உயர்ந்த ஊறும் வகை சீலர் போட்டாலும் அரிப்பு நிற்காது. அரித்த இடத்தைத் திரும்பப் பாலிஷ் போட்டுத்தான் சரிசெய்ய முடியும்.

மிஞ்சிய துண்டில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, 5 நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். மங்கினால் அது அமிலத்துக்கு இளகும் கல். அதைச் சமையல் மேடைக்குப் போடுவதா என்று முதலிலேயே யோசிப்பது நல்லது. தினமும் புளி கரைக்கும் நம்ம ஊர்ச் சமையலுக்கு மார்பிள் மேடை சரிப்பட்டு வராது.

அசல் கறுப்பு கிரானைட் எலுமிச்சைக்கு அசையாது. அது மங்கினால் இரண்டு காரணம் இருக்கலாம்: மேலே ஏதோ பூச்சு இருக்கிறது, அல்லது கல்லிலேயே கால்சியம் கார்பனேட் கலந்திருக்கிறது.

கறுப்புக் கல்லில் சாயமா?

சாம்பல் நிறக் கல்லில் சாயம் ஏற்றி 'ஜெட் பிளாக்' என்று விற்பதும் சந்தையில் உண்டு. கண்டுபிடிக்க ஒரு வழி: வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து, மிஞ்சிய துண்டில் அழுத்தித் தேயுங்கள். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரும் போதும். துணியில் கறுப்பு ஒட்டினால் சாயம். இதைக் கல் வாங்கும் முன்பே கடையில் கேட்டுச் செய்துவிடுவது உத்தமம். மேடையில் பதித்த பிறகு தெரிந்து பிரயோஜனம் இல்லை.

சீலர் தேவை என்று முடிவானால்: போடும் முறை

*வாங்கும்போது:* இயற்கைக் கல்லுக்கானது, ஊறும் வகை, தண்ணீர் எண்ணெய் இரண்டையும் தடுக்கும், காய்ந்தபின் உணவுப் பொருள் படலாம். இந்த நான்கும் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி விஷயம் கிச்சனுக்குக் கட்டாயம்.

*நாள் பார்த்து:* கல் முழுசாக உலர்ந்திருக்க வேண்டும். குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் படாமல் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னை வீடுகளில் எதுவுமே காயாது. அவசரம் இல்லை என்றால் மழை விட்டபின் போடலாம்.

*பாதுகாப்பு:* சால்வன்ட் கலந்த சீலரின் ஆவி தீப்பிடிக்கும். கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். பூஜை அறையில் வேலை என்றால் அன்று விளக்கேற்றக் கூடாது. ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். குழந்தைகளையும், மூச்சுத் தொந்தரவு உள்ள பெரியவர்களையும் அந்த அறைக்குள் விட வேண்டாம்.

*போடும்போது:* முதலில் மிஞ்சிய துண்டில் போட்டு நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். பிறகு மேடையைச் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து, பருத்தித் துணியால் ஒரே சீராகத் தடவ வேண்டும். லேபிளில் சொன்ன நிமிடம் மட்டும் ஊற விட வேண்டும்.

*முக்கியமான கட்டம்:* மேலே மிஞ்சியிருப்பது காய்வதற்குள் வேறு சுத்தமான துணியால் முழுசாகத் துடைத்து எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் பிசுபிசுப்பும் மங்கலும் தங்கிவிடும். அப்படி ஆகிவிட்டால், அதே சீலரைக் கொஞ்சம் தடவி, பழைய படிவு இளகியதும் உடனே துடைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

*முடிந்தபின்:* லேபிள் வேறு நேரம் சொல்லாவிட்டால் ஒரு நாள் தண்ணீர் படாமல் வையுங்கள். பிறகு மறுபடி தண்ணீர் சோதனை. இன்னமும் கறுத்தால் இன்னொரு கோட்.

தரையில் வெள்ளைப் பூ பூக்கிறதா? அவசரப்படாதீங்க

தரைத்தள வீடுகளில் மார்பிள், கிரானைட் இணைப்புகளில் வெள்ளைப் பொடி கிளம்புவது உண்டு. அடியில் இருக்கும் ஈரம் மேலே வரும்போது கொண்டுவரும் உப்பு அது. இந்த நிலையில் மேலே படலம் போடும் சீலர் அடித்தால் ஈரம் அடியிலேயே மாட்டிக்கொள்ளும். உப்பு உள்ளேயே படிகமாகி, பூச்சு உரியும், சில சமயம் கல்லின் மேற்பரப்பே பொரியும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கணும். குழாய்க் கசிவா, பாத்ரூம் பக்கத்துச் சுவரா, மண்ணில் இருந்து ஏறுகிறதா? அதைச் சரிசெய்து, பொடியைக் காய்ந்த பிரஷ்ஷால் கூட்டி எடுத்து, தரை உலர்ந்த பிறகுதான் சீலர் பேச்சே.

ஏற்கெனவே கறை பட்டுவிட்டதா?

கறையின் மேல் சீலர் அடித்தால் கறையும் உள்ளேயே தங்கிவிடும். முதலில் அதை எடுக்க வேண்டும்.

உள்ளே இறங்கிய எண்ணெயை வெளியே இழுக்க 'பத்து' போடும் முறை உண்டு. முல்தானி மட்டியை அசிட்டோனில் குழைத்து, கறையின் மேல் கனமாகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி 24 மணி நேரம் விடுங்கள். பிறகு தாளை எடுத்து முழுசாகக் காய விட்டால், களிமண் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஒரே தடவையில் போகாவிட்டால் திரும்பச் செய்யலாம். அசிட்டோனும் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது.

தாஜ்மகாலின் மஞ்சளித்த பளிங்கைச் சுத்தம் செய்ய இந்தியத் தொல்லியல் துறை பூசுவதும் முல்தானி மட்டிப் பத்துதான்.

கேஸ் சிலிண்டர் வைத்த துருத் தடம், காவி இட்ட கோலத்தின் சிவப்பு இரண்டும் இரும்பு ஆக்ஸைடு. வெளிர் கல்லில் இறங்கினால் எடுப்பது கடினம். துரு நீக்கி என்று ஏதாவது வாங்கி ஊற்றாதீர்கள். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்தவை கிரானைட்டையே அரிக்கும், கைக்கும் ஆபத்து. சிலிண்டரை டிராலியில் வைப்பதும், வெளிர் கல் வாசலில் காவி இடாமல் இருப்பதும்தான் எளிய வழி.

தினசரி பராமரிப்பு

- பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு, தண்ணீர், மெல்லிய துணி. இது போதும்.
- போர் தண்ணீரின் வெள்ளைப் படிவைப் போக்க வினிகர், எலுமிச்சை தேய்க்கச் சொல்லும் வீடியோக்களை மார்பிளில் முயற்சி செய்ய வேண்டாம். படிவு வராமல் இருக்க, கழுவியதும் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.
- ஆசிட், பிளீச்சிங் பவுடர், ஸ்டீல் நார், கரகரப்பான தேய்க்கும் பவுடர் கூடாது.
- மார்பிள் பூஜை மேடையில் விளக்கு, எண்ணெய்க் கிண்ணம், குங்குமச் சிமிழ் மூன்றுக்கும் அடியில் ஒரு தட்டு வையுங்கள். எந்த சீலரைவிடவும் இது நல்ல பாதுகாப்பு.

வருஷா வருஷம் சீலர் போடணுமா?

காலண்டரைப் பார்த்துப் போட வேண்டியதில்லை. 6 மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் சோதனை செய்யுங்கள். தண்ணீர் மேலேயே நின்றால் பழைய சீலர் வேலை செய்கிறது. சிங்க் ஓரம் மட்டும் கறுத்தால், அங்கே மட்டும் போட்டால் போதும். ஆண்டு ஒப்பந்தம் போடச் சொன்னால், கையெழுத்துப் போடும் முன் ஒரு ஸ்பூன் தண்ணீரைக் கொண்டு வாருங்கள்.

வேலை எடுப்பவரிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. இது ஊறும் வகையா, மேலே படியும் வகையா? டப்பாவைக் காட்ட முடியுமா?
2. என் கல்லில் தண்ணீர் சோதனை செய்து காட்டுவீர்களா?
3. எலுமிச்சை பட்டால் என்ன ஆகும்? ("ஒண்ணும் ஆகாது" என்று மார்பிளுக்குச் சொன்னால் உஷார்.)
4. போட்டபின் மங்கலானால் யார் சரிசெய்து தருவது?

சுருக்கமாகச் சொன்னால், கல் தண்ணீர் குடித்தால் சீலர், குடிக்காவிட்டால் துடைக்கும் துணி. மார்பிளாக இருந்தால் இரண்டோடு, எலுமிச்சம்பழம் வெட்ட ஒரு பலகையும் வேண்டும்.